நெல்லுக்கு உற்பத்தியாளர் யார்? வேளாண் வணிகப் பிரசுரங்களை முன்வைத்து

1

கதைக்கும் கவிதைக்கும்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அரசாங்கம் வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுக்கிற பிரசுரமும் ஒரு பிரதிதான். அதற்கும் கதைசொல்லி உண்டு, நாயகன் உண்டு, சொல்லாமல் விட்ட பாத்திரங்கள் உண்டு. நாவலில் சேரி வராததைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசிவருகிற நாம், கோடிக்கணக்கில் பணம் புரளப்போகிற இந்தத் தாள்களில் சேரி வருகிறதா என்று பார்த்ததில்லை. 'அதெல்லாம் பொருளாதாரம் படிச்சவங்க வேலை' என்று ஒதுங்கிவிடுகிறோம். நாம் ஒதுங்கினால் யாருக்கு லாபம் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் வேளாண் வளத்தைக் காட்டி முதலீட்டாளரை அழைக்கிற பிரசுரங்கள், பட்ஜெட் உரைகள், கண்காட்சிப் பதாகைகள் இவற்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2015, 2019, 2024 என மூன்று முறை உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. ஒப்பந்தத் தொகை 2015-ல் 2 லட்சத்து 42 ஆயிரம் கோடி, 2019-ல் 3 லட்சம் கோடி, 2024-ல் 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி என்று ஏறிக்கொண்டே போனது. 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழகத்தின் முதல் தனி வேளாண் பட்ஜெட் சட்டமன்றத்தில் வாசிக்கப்பட்டது. 2023 ஜூலையில் அதே நந்தம்பாக்கத்தில் வேளாண் வணிகத் திருவிழா நடந்தது. ஆட்சி எதுவானாலும் இந்தப் பிரதியின் நடை மாறுவதில்லை. ஏழு வேளாண் காலநிலை மண்டலங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கடற்கரை, துறைமுகங்கள், நல்ல சாலைகள், வேளாண் பல்கலைக்கழகம், கடைசியாகத் திறமையான மனிதவளம். வாருங்கள், முதல் போடுங்கள்.

முதலீடே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. தக்காளிக்கு விலையில்லை என்று ரோட்டில் கொட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். பதப்படுத்துகிற ஆலை வந்தால், வருஷத்தில் சில மாதம் மட்டும் நடவு, களையெடுப்பு என்று வேலை கிடைக்கிற சேரிப் பெண்களுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கிடைக்கலாம். அதனால்தான் இந்தப் பிரதியைக் கவனமாக வாசிக்க வேண்டும் என்கிறேன். வரப்போகிற பணத்தில் நம் பங்கு எதுவென்பது இதன் வார்த்தைகளிலேயே முடிவாகிவிடுகிறது.

2

முதலில் இலக்கணம். இந்தப் பிரசுரங்களில் நெல் விளைகிறது, கரும்பு வளர்கிறது, மா காய்க்கிறது. விளைவிக்கிற கை கிடையாது. எங்காவது மனிதர் வர வேண்டியிருந்தால் உழவர், விவசாயி, உற்பத்தியாளர், தொழில்முனைவோர் என்ற நான்கு பெயர்களில் ஒன்றில் வருவார். கூலி என்ற சொல் வராது. தொழிலாளி என்று வந்தால், அது கிடைக்கக்கூடிய சரக்குகளின் பட்டியலில், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பக்கத்தில் வரும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் சாகுபடியாளர் என்று பதிவானவர்கள் சுமார் 42 லட்சம். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். வயலில் நிற்கிறவர்களில் பெரும்பான்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டு வயலைப் பற்றி எப்படி எழுத முடிகிறது? அதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! மக்கள்தொகையில் தலித்துகள் 20 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தலித்துகள் சாகுபடி செய்கிற நிலம் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஆகவே 'உழவர்' என்று பிரதி சொல்லும்போது, சில விதிவிலக்குகள் போக, அது பட்டாக்காரரைத்தான் சொல்கிறது.

இதே பிரதியின் சில்லறைப் பதிப்பு நகரத்துக் கடைகளில் கிடைக்கிறது. மைலாப்பூர் லஸ்ஸிலும் தி.நகரிலும் அடையாறு காந்தி நகரிலும் இயற்கை அங்காடிகள் வந்துவிட்டன. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் எல்லாம் பழுப்புத் தாள் பொட்டலத்தில், மேலே ஒரு படத்தோடு வருகின்றன. திருவாரூருக்குக் கிழக்கே ஒரு சேரியில் முப்பது வருஷம் நடவு நட்ட என் அம்மாவைத் தி.நகரில் அப்படி ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படத்தைத்தான் பார்த்தார்.

'ஏப்பா, இது யாரு? தலப்பாக் கட்டிக்கிட்டு வரப்புல நிக்கிறாரே.'

'விவசாயிம்மா.'

'வரப்புல நிக்கிறவரு ஆண்டையில்ல? சேத்துல நின்னவள எங்கப்பா காணும்?'

பிரதி, வாசிப்பு, மௌனம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டார். வரப்பில் நிற்கிறவர், சேற்றில் நிற்கிறவர். வேளாண் வணிகத்தின் அரசியல் முழுக்க இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் இருக்கிறது.

3

உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குத் தஞ்சை மண்ணில் ஒரு வரலாறு உண்டு. இன்று அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் உச்சரிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வட்டாரத்தின் வேளாண் பலத்தை முன்னிறுத்தி வெளியிலிருந்து பணத்தையும் தொழில்நுட்பத்தையும் கொண்டுவருவது நமக்குப் புதிதில்லை. ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர்கள் சொன்ன யோசனைப்படி 1960-61-ல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியபோது, இந்தியா முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தது. ஆற்றுநீர் உள்ள மாவட்டம், படித்த மிராசுதார்கள், சீக்கிரம் பலன் தெரியும் என்பது கணக்கு. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. ஒருபோகம் இருபோகமானது. நடவும் அறுப்பும் கூடின. விளைச்சல் கூடியது. கூடியதில் எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று சேற்றில் நின்றவர்கள் கேட்டார்கள். சில படி நெல்தான் கேட்டார்கள்.

அதற்கு எதிராக மிராசுதார்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். இந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். நாற்றுப் பறிக்காதவர், நடாதவர், களத்தில் தூற்றாதவர் எல்லோரும் உற்பத்தியாளர். இதையெல்லாம் செய்தவர்கள் பள்ளர், பறையர், பண்ணையாள். அந்தச் சங்கத்தின் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சமடைந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நாகப்பட்டினம் கோர்ட்டு 1970-ல் தண்டித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1973-ல் விடுவித்தது. பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற அர்த்தத்தில் தீர்ப்பு பேசியது. ஆக, நீதிமன்றப் பார்வையில் மிராசுதார் நடக்கவும் மாட்டார். நடக்காமலே நெல்லை உற்பத்தி செய்யலாம், நடக்காததால் கொலையிலிருந்தும் விடுதலை ஆகலாம்.

பசுமைப் புரட்சிதான் வெண்மணியை எரித்தது என்று நான் சொல்லவில்லை. எரித்தவர்களுக்குச் சாதியும் பெயரும் இருந்தன. விளைச்சலைப் பெருக்குவதற்கு இவ்வளவு துல்லியமாகத் திட்டம் போட்ட நிபுணர்கள், பெருகிய விளைச்சலை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரு வரி எழுதவில்லை. நியாயக் கூலிச் சட்டம் 1969-ல்தான் வந்தது. 44 பேர் செத்த பிறகு.

4

இரண்டாவது பாடம் இறால். 1990களில் தாராளமயம் வந்தபோது வேளாண் ஏற்றுமதியின் செல்லப்பிள்ளை இறால்தான். நாகைக் கடற்கரையோரம் நிலங்களைக் கம்பெனிகள் வாங்கி இறால் குட்டை வெட்டின. அந்நியச் செலாவணி வரும், வேலை வரும் என்றார்கள். நெல் வயலுக்கு நூறு பேர் வேண்டும். இறால் குட்டைக்குக் காவலுக்கு நாலு பேர் போதும். உப்பு பக்கத்து வயலுக்குப் போனது, குடிதண்ணீருக்குப் போனது. நிலம் விற்றவருக்குப் பணமாவது கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு? அவர் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. அவருடைய வேலை மட்டும் விற்பனையாகிவிட்டது. பத்திரத்தில் அவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது.

வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையில் நிலமில்லாத தலித் பெண்களின் பேரில் நிலம் வாங்கித்தர உழைத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் இந்தப் போராட்டத்தை நடத்தினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. இறாலை விற்று வந்த பணத்தைவிட அதனால் ஏற்பட்ட சேதம் அதிகம் என்று கணக்கு காட்டிய ஆய்வை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. ஒன்பது வருஷம் கழித்து, 2005-ல், நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தத் தொழிலுக்கு மறுபடி வழிவிட்டது. கோர்ட்டில் ஜெயிப்பது ஒன்று, சட்டம் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது வேறொன்று என்பது நமக்கு அப்போதும் புரிந்தது.

5

இப்போது மூன்றாவது அலை. 2023-24 வேளாண் பட்ஜெட்டில் திருச்சிக்கும் நாகைக்கும் நடுவே வேளாண் தொழில் பெருந்தடம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 1000 கோடி ரூபாய். திண்டிவனம், மணப்பாறை, தேனியில் உணவுப் பூங்காக்கள். ஊர் ஊருக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். பெருந்தடத்தின் வரைபடத்தில் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்திப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம். வெண்மணி அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதே மண்ணில், அதே 'உற்பத்தியாளர்' என்ற சொல்.

இந்தச் சொல்லின் சட்டப் பொருள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் கம்பெனி என்ற வகையை உண்டாக்கினார்கள். அதில் உற்பத்தியாளர் என்றால், விளைபொருள் சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் ஈடுபடுகிற எந்த நபரும். நிலம் வைத்திருக்க வேண்டும் என்று அந்த வரையறையில் இல்லை. நடவு நடுகிறவள், மாடு மேய்க்கிறவர், கருது அடிக்கிறவர் எல்லோரும் சட்டப்படி உற்பத்தியாளர்தான். ஆனால் நான் போய்ப் பார்த்த இடங்களில் உறுப்பினராகச் சேர சிட்டா, அடங்கல் கொண்டுவரச் சொல்கிறார்கள். சட்டம் திறந்து வைத்த கதவை ஆபீஸ் மேஜை அடைக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த வரையறையைக் காட்டிக் கதவைத் தட்டியிருக்கிறோம்?

மற்ற திட்டங்களிலும் இதே கோடுதான். மத்திய அரசு 2019-ல் தொடங்கிய, வருஷத்துக்கு 6000 ரூபாய் தரும் விவசாயி உதவித்தொகை நிலம் உள்ள குடும்பத்துக்கு மட்டும். மாநில வேளாண் பட்ஜெட்டில் ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு விவசாயிக்கு 20 சதவீதம் கூடுதல் மானியம் வந்தது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் அதை வாங்கவும் முதலில் நிலம் வேண்டும். நிலமற்ற கூலிக்கு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் பெயரும் உண்டு. பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, கல்யாண உதவி, விபத்து நிவாரணம், ஈமச்சடங்குப் பணம். இவற்றைச் சிறுமைப்படுத்த மாட்டேன். என் தெருவில் அந்தப் பணத்தில் எடுத்த பிணங்கள் உண்டு. ஆனால் அரசு வகுத்த பிரிவினையைப் பாருங்கள். பட்டாக்காரர் உற்பத்தித் துறையில், கூலி நலத்துறையில். ஒருவருக்கு மானியம், மற்றவருக்கு நிவாரணம். ஒருவர் பங்காளி, மற்றவர் பயனாளி.

டெல்டாவில் இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து நடவு நடுகிறார்கள். நம் ஆட்கள் சிலர் அவர்கள்மேல் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் தப்பான வாசலில் போய் நிற்கிறது. அவர்களும் சேற்றில்தான் நிற்கிறார்கள். பிரசுரத்தில் அவர்களுக்கும் இடமில்லை.

6

முதலீட்டாளருக்கு முதலில் வேண்டியது நிலம். அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கு இந்தச் சென்னைக்குள்ளேயே ஒரு பழைய விலாசம் இருக்கிறது. அடையாற்றங்கரையில், தி.நகருக்குத் தெற்கே, சைதாப்பேட்டை. இன்று கோவையில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில்தான் இருக்கிறது. அறிவியல் வேளாண்மை இந்த மாகாணத்துக்கு வந்த வாசல் அது. அந்தக் காலத்தில் சைதாப்பேட்டை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். உழைப்பவனுக்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, அதனால்தான் அடிமை என்று சொன்னார். 1892-ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. வேளாண் பள்ளியின் வரலாறு பிரசுரங்களில் பெருமையாக வருகிறது. அதே மாவட்டத்தின் கலெக்டர் எழுதிய அறிக்கை வருவதில்லை.

அந்த நிலங்கள் எப்படிக் கை மாறின என்பது ஊருக்கு ஊர் தெரிந்த கதை. கந்துவட்டிக் கடன், கள்ளப் பத்திரம், மிரட்டல். மாமல்லபுரம் பக்கத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகம் முன்னால் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நிலம் கொடுங்கள் என்று எழுதிய அதே மாவட்டத்து கலெக்டர் ஆபீஸ் வாசலில்.

2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு நடுவில் நீர்நிலை, ஓடை, அரசு நிலம் இருந்தாலும் ஒருங்கிணைத்துக் கொடுக்க அது வழிசெய்கிறது. அதே மாதம் தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தமும் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்த பிறகு அரசு அதைத் திரும்பப் பெற்றது. வேலை நேரத்துக்குக் குரல் கொடுக்கச் சங்கம் இருந்தது. நிலச் சட்டத்துக்கு எதிராக விவசாய சங்கங்களும் சூழலியலாளர்களும் பேசினார்கள். அரசு நிலம் என்று கணக்கில் இருப்பதில் எவ்வளவு பஞ்சமி, எவ்வளவு சேரியின் மேய்ச்சல் புறம்போக்கு, எவ்வளவு சுடுகாட்டுப் பாதை என்ற கேள்வியை யார் கேட்டார்கள்?

7

கடைசியாக, எது 'வேளாண் பலம்' என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. சிறுதானியம் வருகிறது, மல்லிகை வருகிறது, தேன் வருகிறது. இந்தியாவின் வேளாண் ஏற்றுமதியில் பெரிய தொகை கொண்டுவருகிற பொருள்களில் எருமைக் கறி ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் உலகமெங்கும் போகிறது. மாட்டின் உழைப்பையும் சாணியையும் கோமியத்தையும் பஞ்சகவ்யம் என்று கொண்டாடுகிற கடைகளில் உப்புக்கண்டம் மட்டும் என் கண்ணில் பட்டதில்லை. எங்கள் பாட்டிகள் வெயிலில் காயவைத்துப் பானையில் சேமித்ததும் உணவு பதப்படுத்துதல்தான். அதற்கு மட்டும் 'பாரம்பரியம்' என்ற முத்திரை கிடைக்காது. எந்தக் கை தொட்டது என்பதைப் பொறுத்துப் பொருளுக்கு மதிப்பு வருகிற நாட்டில், சந்தை ஒன்றும் சாதியில்லாத இடமில்லை.

செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். மாணவத் தோழர்கள் அடுத்த மாநாட்டில், அடுத்த பட்ஜெட்டில் வரும் பிரசுரங்களை வாங்கி வரிவரியாக வாசிக்க வேண்டும். கூலி, குத்தகை, சேரி, பஞ்சமி என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி வெளியிட வேண்டும். இயக்கத் தோழர்கள் 2002 சட்டத்தின் வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு நிலமற்ற பெண்களை உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்குதாரராகச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். உணவுப் பூங்காவோ பெருந்தடமோ, நிலம் அளக்கும் முன்னால் அந்த வட்டத்தின் பஞ்சமிப் பதிவேட்டை வெளியிடச் சொல்ல வேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் முதலீட்டுத் தொகைக்கு ஒரு கட்டம், வேலைவாய்ப்பு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. தினக்கூலி எவ்வளவு என்பதற்கு ஒரு கட்டம் வேண்டும்.

எழுத்தாளத் தோழர்களுக்கு ஒன்று. தஞ்சை நெல்லைப் பற்றி எழுதுகிற போதெல்லாம் மணம், பசுமை, காவேரி என்று நாமும் அந்தப் பிரசுர நடையிலேயே போய் விழுகிறோம். நடவுப் பாட்டின் இனிமையை எழுதுகிறோம், அன்றைக்குக் கொடுத்த கூலியை எழுதுவதில்லை. எத்தனை மரக்கால் அளந்தார்கள், எந்தப் படியால் அளந்தார்கள், அந்தப் படி அடி மேடு தட்டியிருந்ததா என்பது எங்கள் தெருக் கிழவிகளுக்கு இன்றும் தெரியும். அவர்கள் போய்ச் சேருவதற்குள் அதை எழுதிவிட வேண்டும். கணக்கு நம் கையில் இருந்தால்தான் பங்கு கேட்க முடியும்.